வயோலாவைப் பள்ளிச் சீருடை மாதிரி வாங்காதீர்கள்

வயோலா என்பது வயலினைப் போலவே தோளில் வைத்து வாசிக்கும் கருவி, அதைவிடச் சற்றுப் பெரியது. போன மாதம் ஒரு அம்மா தன் 13 வயது மகனை என் வயோலா வகுப்புக்கு அழைத்து வந்தார். பெட்டியைத் திறந்தால் உள்ளே, கழுத்தைச் சேர்க்காமல் உடல் மட்டுமே 16½ அங்குலம் உள்ள வயோலா. எனக்கு இடது மணிக்கட்டு அப்போதே வலிக்க ஆரம்பித்துவிட்டது. 20 வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு, புது வார்னிஷ் வாசனையோடு.

வில்லுக்கு ரோசின் போட மறப்பது, கூன் போட்டு உட்காருவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை நான்கு வகுப்பில் சரியாகிவிடும். லேசில் சரியாகாத தவறுகள் இவை.

பெரிதாக வாங்குவது

"வளர்ற பிள்ளை மாஸ்டர், ரெண்டு வருஷத்துல சரியாயிடும்" என்றார் அந்த அம்மா. கால்சட்டை பெரிதாக இருந்தால் மடித்துத் தைக்கலாம். வயோலாவின் கழுத்தை என்ன செய்வது?

வயலினில் இந்தக் குழப்பம் இல்லை. பெரியவர்களுக்கான வயலினின் உடல் நீளம் ஏறத்தாழ 14 அங்குலம், அவ்வளவுதான். வயோலாவில் 15 முதல் 17 வரை எல்லாமே பெரியவர்களுக்கானவை. காரணம், வயோலாவின் சுருதி வயலினைவிட ஒரு ச–ப இடைவெளி கீழே இருக்கிறது. அதே விகிதத்தில் உடலையும் பெரிதாக்கினால் 21 அங்குலம் வரும். அதை மோவாய்க்கடியில் வைத்து வாசிக்க முடியாது. ஆக, எந்த வயோலாவுமே ஒரு சமரசம்தான். அரை அங்குலம் கூட்டி வாங்கி நாம் சம்பாதிக்கும் ஒலியைவிட, நல்ல மரமும் ஆழமான உடலும் சரியான தந்தியும் கொடுப்பது அதிகம்.

இதைச் சொல்ல எனக்கு ஆள் இருந்தது. நான்தான் கேட்கவில்லை. புகழ்பெற்ற ஆங்கிலேய வயோலாக் கலைஞர் லயனல் டெர்டிஸ், மோன்டன்யானா என்ற பழைய இத்தாலியக் கைவினைஞர் செய்த, 17 அங்குலத்துக்கும் பெரிய வயோலா வாசித்தவர். அப்புறம் அவரே 16¾ அங்குலத்தில் தன் பெயரில் ஒரு மாடலை வடிவமைத்தார். தோளில் வைத்து வாசிக்க அதுதான் உச்சம் என்பது அவர் கணக்கு. அவர் உச்சவரம்பு என்றதை நான் சிபாரிசு என்று எடுத்துக்கொண்டு, 22 வயதில் 16¾ வாங்கினேன். என் கையோ சின்னக் கை. மிகத் தடித்த, கீழ்ச் சுருதித் தந்தியான ஸி தந்தியில் சுண்டுவிரலால் ஜி ஸ்வரத்தைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை வெளியே தள்ளினேன். நான்காவது மாதம் ஒருநாள் காலையில் காபி டம்ளரை இடது கையால் தூக்க முடியவில்லை. ஏழு மாதம் வாசிப்பு இல்லை, வருமானம் இல்லை. மாணவர்கள் வேறு ஆசிரியரிடம் போனார்கள். வயோலாவைப் பாதி விலைக்கு விற்றேன்.

வாங்கும்முன் தோளில் வைத்து, தலைச்சுருளை இடது கையால் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். முழங்கை மடிந்தே இருக்க வேண்டும். பிறகு ஸி தந்தியில் நான்கு விரலையும் வையுங்கள். மற்ற மூன்றும் நகராமல் சுண்டுவிரல் எட்ட வேண்டும். பத்து நிமிஷம் வாசியுங்கள். உடல் நீளத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரே 16 அங்குலத்தில் இரண்டு வயோலாக்களின் தந்தி நீளம் வேறு வேறாக இருக்கும், விரலுக்குத் தெரிவது அதுதான்.

அந்தப் பையனின் கைக்கு 15 அங்குலம்தான் பொருந்தியது. அம்மா திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் சொன்னாராம்: "வளர்ற பிள்ளைதானேம்மா."

வயலினில் தேறாதவருக்கு வயோலா

இப்படிச் சொல்பவரிடம் பாடம் படிக்காதீர்கள்.

ஆல்டோ கிளெஃபை ஏமாற்றுவது

எந்தக் கோட்டில் எந்த ஸ்வரம் என்று சொல்லும் குறிதான் கிளெஃப். வயலின் நோட்டுக்கு ட்ரெபிள், வயோலாவுக்குப் பெரும்பாலும் ஆல்டோ. வயலினிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி தெரியும்: ட்ரெபிள் கிளெஃபில் மூன்றாம் பொசிஷனில் (இடது கையைக் கழுத்தில் மேலே நகர்த்திய நிலை) வாசிப்பதாக நினைத்துக்கொண்டு விரல் வைப்பது. முதல் மாதம் அழகாக ஓடும். மேலே ஏறும் பத்தியில் பாட்டு நிஜமாகவே ட்ரெபிளுக்கு மாறும்போது எந்தப் பொய்யில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். ஆல்டோவில் நடுக்கோடு நடு ஸி. அங்கிருந்து தொடங்குங்கள்.

வயலின் வில்வீச்சு

ஸி தந்தி சோம்பேறி. வேகமாக இழுத்தால் காற்றுதான் வரும். கையின் எடையைக் கொடுத்து, மெதுவாக.

பார்த்ததும் மறுப்பது

ஆங்கிலேய இசையமைப்பாளர் வால்டன் எழுதிய வயோலா கான்செர்ட்டோவை (தனி வயோலாவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வாசிக்கும்படி முதலில் கேட்டுக்கொள்ளப்பட்டவர் டெர்டிஸ்தான். நவீனமாக இருக்கிறது என்று நோட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். 1929-ல் அதை அரங்கேற்றியவர் ஜெர்மானிய இசையமைப்பாளரும் வயோலாக் கலைஞருமான ஹிண்டெமித். டெர்டிஸ் பின்னால் வருந்தி, அவரும் அதை வாசித்தார். நமக்கென்று எழுதப்பட்டதே கொஞ்சம். அதிலும் மூக்கைச் சுளிக்கலாமா?

நட்புக்காக இலவச வகுப்பு

வேண்டாம்.

ஆடிஷனுக்கு கான்செர்ட்டோ மட்டும் தயாரிப்பது

ஆர்க்கெஸ்ட்ராவில் சேர நடக்கும் ஆடிஷன்களில் பெரும்பாலும் ஸ்டாமிட்ஸ் அல்லது ஹோஃப்மைஸ்டர் எழுதிய டி மேஜர் கான்செர்ட்டோவைக் கேட்பார்கள். எல்லோரும் அதைத்தான் தேய்ப்பார்கள். ஆளை வடிகட்டுவது அதன்பின் வரும் ஆர்க்கெஸ்ட்ராப் பகுதிகள்: ஸ்ட்ராஸின் டான் ஹுவான், மெண்டல்சனின் ஸ்கெர்ட்ஸோ. வெளிநாட்டில் ஒரு ஆடிஷனுக்காக நான் ஸ்டாமிட்ஸை எட்டு மாதம் வாசித்தேன், டான் ஹுவானை இரண்டு வாரம். அறைக்குள் போய் வெளியே வர நான்கு நிமிஷம் ஆனது.