யாழ்ப்பாணத்தில் இருந்தபடி வெளிநாட்டு மென்பொருள் வேலை எடுப்பது எப்படி?

முதலில் காசு வரும் வழியைப் பாருங்கள். பேபால் என்ற இணையப் பணச் சேவையில் இலங்கைக் கணக்கால் காசு கட்டலாம், வாங்க முடியாது. எனக்கு இது வேலையை முடித்துக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, கனடாச் சித்தப்பா தன் கணக்கில் வாங்கி அனுப்பினார். அதனால் வெளிநாட்டுக் காசை வாங்க உதவும் பயோனியர் கணக்கு ஒன்றை இப்போதே திறவுங்கள், பெயர் அடையாள அட்டையில் இருப்பது போலவே இருக்கட்டும். (குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டேன், வேலை தந்தவர்கள் மூன்று மாதம் என்னை அப்பாவின் பெயராலேயே கூப்பிட்டார்கள்.)

அடுத்தது, காட்ட ஒரு வேலை. சான்றிதழ்களை அடுக்குவதை விட, திருநெல்வேலிச் சந்தையில் கடை வைத்திருக்கும் மாமாவின் கடன் கொப்பியை போனில் ஓடும் சின்னச் செயலியாக்குங்கள். யார் எவ்வளவு தரவேண்டும், கடைசியாக எப்போது தந்தார், பாதி தந்தால் எப்படிக் கழிப்பது என்று அவர் கேட்கும் கேள்விகளே உங்களைத் தேற வைக்கும். சாட்ஜிபிடி செயலிக்கான நிரலை (code) எழுதித் தரும், சரி, ஆனால் அதில் ஒரு வரி என்ன செய்கிறது என்று கேட்டால் நீங்கள்தான் விளங்கப்படுத்த வேண்டும்.

கடைசியாக, நேரம். வேலை தருபவர் லண்டனில் இருந்தால், அங்கே காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் பின்னேரம் 1.30, குளிர்காலத்தில் 2.30. மார்ச், ஒக்டோபர் கடைசியில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றுவார்கள், கூட்ட நேரத்தை மறுபடி கேளுங்கள். அப்புறம், கரண்ட் போனாலும் இணையம் நிற்காமல் இருக்க ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் (மின்கலப் பெட்டி) வாங்குங்கள்.