ஆய்வுச் செய்தியைக் கேட்டுப் பழக்கத்தை மாற்றுவதற்கு முன் சரிபார்ப்பது எப்படி?

2024 அக்டோபரில், கறுப்பு பிளாஸ்டிக் கரண்டிகளை உடனே வீசிவிடுங்கள் என்ற செய்தி பல நாடுகளில் பரவியது. 'கீமோஸ்பியர்' ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரைதான் அதற்குக் காரணம். பழைய மின்னணுச் சாதனங்களின் உறைகளை மறுசுழற்சி செய்து உருவாக்கிய பிளாஸ்டிக்கில் தீத்தடுப்பு வேதிப்பொருள்கள் எஞ்சியிருப்பதாகவும், சமைக்கும்போது அவை உணவில் கலக்கக்கூடும் என்றும் அது கூறியது. அவற்றுள் ஒன்று நாளொன்றுக்கு 34,700 நானோகிராம் அளவில் உடலுக்குள் செல்லலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்தப் பொருளுக்கான பாதுகாப்பு வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 7,000 நானோகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 42,000 என்று கட்டுரை கணக்கிட்டிருந்ததால், வரம்பை ஏறக்குறைய தொட்டுவிட்டோம் என்று எல்லோரும் அஞ்சினார்கள்.

7,000-ஐ 60-ஆல் ஒரு தாளில் பெருக்கிப் பாருங்கள். 4,20,000 வரும். கட்டுரையில் ஒரு சுழியம் விடுபட்டிருந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஜோ ஷ்வார்ட்ஸ் அதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் திருத்தம் வெளியானது. உண்மையில் அந்த அளவு, வரம்பில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். இத்தகைய வேதிப்பொருள் சமையல் கருவிகளில் இருக்கவே கூடாது என்ற ஆய்வாளர்களின் வாதம் இதனால் விழுந்துவிடவில்லை. அதை நானும் ஏற்கிறேன். ஆயினும் பள்ளிக் கணக்கு அளவிலான ஒரு சரிபார்ப்பு அத்தனை பேரின் அச்சத்தைத் தணித்திருக்கும் என்பதால், அந்தச் சரிபார்ப்பை எங்கே தொடங்குவது என்று சொல்ல விரும்புகிறேன்.

முதல் வேலை, மூலக் கட்டுரையின் சுருக்கத்தைக் கண்டுபிடிப்பது. செய்தியில் ஆய்விதழின் பெயரோ ஆய்வாளரின் பெயரோ இருந்தால், 'பப்மெட்' என்ற மருத்துவ ஆய்வுத் தேடுதளத்தில் அதைக் கட்டணமின்றிப் பெறலாம். இரண்டுமே இல்லாத செய்தியை அப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சுருக்கத்தில் தேட வேண்டியவை மூன்று: ஆய்வு மனிதர்களிடம் நடந்ததா எலிகளிடம் நடந்ததா, எத்தனை பேர், எவ்வளவு காலம். கட்டுரை திருத்தப்பட்டோ திரும்பப் பெறப்பட்டோ இருந்தால் அதே பக்கத்தில் பெரும்பாலும் குறிப்பு இருக்கும். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகியவற்றைத் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய 1998-ஆம் ஆண்டின் 'லான்செட்' கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. அதை இதழ் திரும்பப் பெற்றது 2010-இல்தான்; அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பரவிய சந்தேகம் இன்றும் முற்றிலும் நீங்கவில்லை.

அடுத்து, சதவீதத்தை ஆட்களின் எண்ணிக்கையாக மாற்றுங்கள். பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோயின் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்தது. 18 சதவீதம் என்றதும், நூறு பேரில் கூடுதலாகப் பதினெட்டுப் பேருக்கு நோய் வரும் என்றே பலரும் புரிந்துகொண்டார்கள். அது தவறு. வாழ்நாளில் நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்கு அந்த நோய் வரும் ஒரு சமூகத்தில், எல்லோரும் அவ்வளவு உண்டால் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய ஆறாகும். கூடுதலாக வரும் அந்த ஒருவர் அற்பமானவர் அல்லர். ஆனால் எதை விடுவது, எதைக் குறைப்பது என்று முடிவெடுக்க உதவுவது அந்த ஐந்தும் ஆறும்தான்.

அந்த அறிவிப்பு பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் முதல் பிரிவிலேயே வைத்தது. முகமையின் பிரிவுகள், ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே சொல்கின்றன. அபாயம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. 2023-இல் அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பு 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்க்கப்பட்டபோது, உணவுச் சேர்க்கைகளை மதிப்பிடும் மற்றொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. இரண்டு அறிவிப்புகளும் முரண்படவில்லை. ஒன்று சான்றைப் பற்றியது, மற்றது அளவைப் பற்றியது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, சேர்ந்து காணப்படுவதையும் காரணமாக இருப்பதையும் பிரித்துப் பார்ப்பதைத்தான். பீட்டா கரோட்டின் நிறைந்த காய்கனிகளை அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பல கவனிப்பு ஆய்வுகள், அதாவது மக்களின் பழக்கங்களை மாற்றாமல் கவனித்து மட்டும் செய்த ஆய்வுகள், காட்டியிருந்தன. எனவே அந்தச் சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் நோயைத் தடுக்கலாம் என்று நம்பி, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குச் சத்து மாத்திரையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. காய்கனி உண்பவர்கள் வேறு பல வகைகளிலும் மற்றவர்களிடமிருந்து மாறுபட்டிருப்பார்கள். கவனிப்பு ஆய்வால் அந்த வேறுபாடுகளை முழுமையாகக் களைய முடியாது. குலுக்கல் முறை அவற்றை இரு குழுக்களிலும் ஏறக்குறைய சமமாகப் பரப்பிவிடுகிறது. ஆகவே சுருக்கத்தில் குலுக்கல் முறையைக் குறிக்கும் 'randomized' என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிளாஸ்டிக் நுண்துகள்கள் பற்றிய செய்திகளை இந்தக் கண்ணோடு வாசிப்பது இப்போது மிகவும் தேவை. 2024 மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வில் இத்தாலிய ஆய்வாளர்கள், கழுத்துத் தமனியிலிருந்து அறுவை சிகிச்சையால் அகற்றிய கொழுப்புப் படிவுகளில் அத்துகள்களைத் தேடினார்கள். துகள் காணப்பட்ட 150 பேரில் 30 பேருக்கும், காணப்படாத 107 பேரில் 8 பேருக்கும் அடுத்த சுமார் மூன்றாண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. கவலை தரும் வேறுபாடுதான். ஆனால் இங்கே யாரும் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. எல்லோரும் ஏற்கெனவே தமனி நோயுள்ளவர்கள். துகள்களே காரணம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது என்பதை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

தீர்வு சொல்லும் செய்தியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தச் சூழலில் அது பலித்தது? தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பிளாஸ்டிக் துகள்கள் 90 சதவீதம் வரை நீங்கும் என்ற சீன ஆய்வின் முடிவும் 2024-இல் வந்தது. அந்த அளவு, லிட்டருக்கு 300 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் கொண்ட கடின நீருக்கு உரியது. கொதிக்கும்போது சுண்ணாம்பு படிகமாகி, துகள்களைத் தன்னுள் சிறைப்பிடித்துக்கொள்கிறது. கெட்டிலின் உட்புறத்தில் ஒட்டும் வெள்ளைப் படலம் அதுவே. சுண்ணாம்பு மிகக் குறைந்த மென்னீரில் நீங்கியது சுமார் 25 சதவீதம் மட்டுமே. உங்கள் கெட்டிலின் அடிப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். படலம் தட்டுப்பட்டால், ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறிய பின் காபி வடிதாள் போன்ற ஒன்றில் வடிகட்டுவதில் பயன் உண்டு. அடிப்பகுதி எப்போதும் பளபளவென்றே இருந்தால், அந்த 90 சதவீதம் உங்கள் தண்ணீருக்குப் பொருந்தாது.