நாற்பதில் மைக் பிடிக்க: நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரேடியோவை நம்பி கையில் இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். நம்மூரில் வயது ஏறிய ஒருவர் ஒலிபரப்புக்குள் நுழைய நேரான வழி, நாகர்கோவில் கோணம் பகுதியில் இருக்கும் அரசு வானொலியான ஆகாஷ்வாணியில் பகுதிநேர அறிவிப்பாளர் ஆவதுதான். 'கேஷுவல்' என்று சொல்வார்கள். ஒரு கேஷுவலுக்கு மாதம் அதிகம் போனால் 6 டியூட்டி, நிரந்தரம் என்ற பேச்சே கிடையாது. நான் 39 வயதில் முதல்முறை மைக் முன்னால் உட்கார்ந்தபோது ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், இன்றைக்கும் அதே கடையில்தான் எழுதுகிறேன்.

ஆனால் இடம் சாதாரண இடமில்லை. 1984இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்று தொடங்கப்பட்டது நாகர்கோவில்தான். பண்பலை 101இல் வரும் அந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அதனால் பாதி பாடம் ஏற்கெனவே காதில் இருக்கிறது.

ஆள் எடுக்கும்போது ரேடியோவிலும் பத்திரிகையிலும் அறிவிப்பார்கள். பெரும்பாலும் பட்டப்படிப்பு கேட்பார்கள், வயது வரம்பு 50 வரை இருப்பது வழக்கம், ஒவ்வொரு முறையும் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எழுத்துத் தேர்வு, பிறகு குரல் தேர்வு, அதில் தேறினால் 'வாணி' என்ற சில நாள் பயிற்சி, அதற்குக் கட்டணம் உண்டு. இவ்வளவுதான் நடைமுறை.

குரல் தேர்வில்தான் எல்லாரும் சறுக்குவது. "எனக்குக் குரல் நல்லா இல்லையே" என்று பயப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் குரலால் தோற்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வாசிப்பில்தான் தோற்கிறார்கள், நானும் அப்படித்தான் தோற்றேன். எந்த நிலையம் என்று வேண்டாம், தாளைக் கையில் கொடுத்து ஒரு முறை கண்ணை ஓட்டச் சொன்னார்கள், அதில் அணை நீர்மட்டம் இருந்தது. பெருஞ்சாணிக்கு நீர்வரத்து விநாடிக்கு 582 கன அடி என்று இருந்ததை, பதற்றத்தில் 'கன' என்ற சொல்லை விழுங்கி, நீர்மட்டம் 582 அடி என்று வாசித்துவிட்டேன். அந்த அணையின் மொத்த உயரமே 77 அடி. ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தேர்வு எடுத்த அம்மா, "அப்படின்னா நாகர்கோவிலே முங்கிப் போச்சே சார்" என்றார்கள்.

அன்றையிலிருந்து தினமும் காலையில் பேப்பரில் வரும் அணை நிலவரத்தை சத்தமாக வாசிக்கிறேன். பேச்சிப்பாறை 48 அடிக்கு இத்தனை, பெருஞ்சாணி 77க்கு இத்தனை, அப்புறம் மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கை. இதைவிட நல்ல பயிற்சித் தாள் கிடையாது என்பது என் கட்சி. எண் இருக்கிறது, அலகு இருக்கிறது, தேங்காப்பட்டணம், மணவாளக்குறிச்சி, கொல்லங்கோடு என்று நாக்கைச் சுற்றவைக்கும் ஊர்ப் பெயர்களும் இருக்கின்றன. இதைத் தப்பாக வாசித்தால் விளையாட்டில்லை என்ற பயமும் வரும். 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு நம் கடற்கரையில் எச்சரிக்கை வாசிக்கும்போது காது கொடுக்காதவர் கிடையாது. 'கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்பதில் 'வேண்டாம்' தேய்ந்து போகக் கூடாது, மூச்சு முட்டி வாக்கியக் கடைசியில் குரல் இறங்குவதுதான் எல்லோருக்கும் வரும் வியாதி. பென்சிலால் மூச்சு வாங்கும் இடத்தில் சின்னக் கோடு போட்டுக்கொண்டால் சரியாகும்.

போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் உடனே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். உடனே கேட்டால் மனதில் இருக்கிற வாசிப்புதான் காதில் விழும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்வாகப் போனை வையுங்கள், இல்லாவிட்டால் 'ப' வரும்போதெல்லாம் 'புஸ்' என்று காற்று அடிக்கும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்து வாசித்தால் எதிரொலி குறையும். ஷீட் கூரை வீடு என்றால் ஆனி மாதமும் ஐப்பசி மாதமும் ஒன்றும் நடக்காது, மழை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேச்சுவழக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அறிவிப்பில் 'போறிய', 'அவிய' எல்லாம் வரக் கூடாது, சரி. அதற்காக வீட்டிலும் சென்னைத் தமிழ் பேசிப் பழகுகிறேன் என்று கிளம்பாதீர்கள், அது பாதியில் நின்று இரண்டும் கெட்டதாகிவிடும். வானொலி நாடகத்துக்கு, கிராம நிகழ்ச்சிக்கு அந்தப் பேச்சுதான் தேவை. நாடகத்துக்கென்று தனிக் குரல் தேர்வும் தரவரிசையும் உண்டு. கச்சான் காற்றுக்கும் வாடைக்கும் வித்தியாசம் தெரிந்த ஒருவர் மீனவர் நிகழ்ச்சியில் பேசுவதை, புத்தகத்தில் படித்தவர் பேசவே முடியாது.

இதில்தான் வயதானவர்களுக்கு ஒரு பக்கக் கதவு திறந்திருக்கிறது. உங்களுக்கு ஒரு தொழில் தெரியும். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவரோ, நர்ஸோ, படகு எஞ்சின் பழுது பார்ப்பவரோ, யாராக இருந்தாலும் 10 நிமிட உரைக்கு ஒரு யோசனை எழுதி நிகழ்ச்சிப் பிரிவுக்கு அனுப்புங்கள். எனக்கு நிமிடத்துக்கு 90 சொல் வாசிக்க வருகிறது, அப்படியென்றால் 900 சொல், அவ்வளவுதான். நீங்கள் எவ்வளவு என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

தனியார் எஃப்எம் என்றால் பக்கத்தில் திருநெல்வேலிதான், சூரியன் 93.5, ஹலோ 106.4. ஆர்ஜே இடத்துக்கு நாற்பது வயதுக்காரரைத் தேடமாட்டார்கள் என்பது என் கணிப்பு, விளம்பரம் எழுதவும் குரல் கொடுக்கவும் கேட்டுப் பார்க்கலாம். செய்தி வாசிக்க ஆசை என்றால் அங்கே போகாதீர்கள், தனியார் எஃப்எம் சொந்தச் செய்தி ஒலிபரப்ப அனுமதியில்லை. சமுதாய வானொலி என்றால் பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை 90.4ஐக் கேட்டுப் பாருங்கள், சின்ன டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று புரியும்.

அதுவரை கையில் இருப்பது மைக் செட். திருவிழாவுக்கு வர்ணனை, ஆட்டோவில் ஓடும் துணிக்கடை விளம்பரம், எதையும் கேவலமாக நினைக்காதீர்கள், ஆட்டோ விளம்பரம் 30 விநாடியில் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கக் கற்றுக்கொடுத்தது எனக்கு.

தேர்வு நாளன்று தாள்களைப் பின் அடிக்காமல் தனித்தனியாக வைத்து, படித்து முடித்ததைத் திருப்பாமல் பக்கத்தில் நகர்த்துங்கள். வளையல் போட்டிருந்தால் கழற்றிப் பையில் வையுங்கள், சட்டைப் பையில் சில்லறை இருந்தால் அதையும்.