தோழிக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? நாங்கள் செய்த தவறுகள்

போன மாதம் ஒரு நாள் காலை, பள்ளி வேன் கிளம்பிய பிறகும் எங்கள் குடியிருப்பு வாசலில் நான்கு இளம் அம்மாக்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு மார்பில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்துவிட்டார். மற்ற மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னது இதுதான்: ஒண்ணும் இருக்காது, பால் கட்டியா இருக்கும், எங்க சித்திக்கும் இப்படித்தான் வந்து தானாப் போச்சு, ஏதாவது வேணும்னா சொல்லு. கையில் பால் பாக்கெட்டோடு நின்ற எனக்குக் காது கூசியது. பதினோரு வருடத்துக்கு முன் அதே வாசலில் அதே வார்த்தைகளைச் சொன்னவள் நான்.

எங்கள் கூட்டத்துக்கு ‘வேன் கூட்டம்’ என்று பெயர். ஐந்து அம்மாக்கள், ஏழு பிள்ளைகள், திருச்சியில் ஒரே வேன். இந்தப் பதினோரு வருடத்தில் எங்களுக்குள் ஒரு மார்பகப் புற்றுநோய், ஒரு தைராய்டு ஆபரேஷன், ஒரு டெங்கு, ஒரு வீட்டுக்காரருக்கு ஆஞ்சியோ, பிள்ளைகள் கணக்கில் இரண்டு கை முறிவு. நோயாளி முன்னால் அழாதீர்கள், வார்டில் சத்தம் போடாதீர்கள் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். நல்ல மனதோடு செய்து நாங்கள் கெடுத்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

‘ஒண்ணும் இருக்காது’

மூன்றாம் மாடித் தோழி என்னிடம் கட்டியைப் பற்றிச் சொன்னது மாசி மாதக் கடைசியில். வலி இல்லை, தொட்டால் சின்ன நெல்லிக்காய் மாதிரி இருக்கிறது என்றாள். அப்போது அவளுக்கு வயது 38. நான் உடனே, “வலிக்கலைன்னா பயமே இல்லடி. எனக்கும் பால் குடுக்கிறப்ப இப்படிக் கட்டிச்சு. ஒண்ணும் இருக்காது” என்றேன். அவள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று வீட்டுக்கு வந்து இட்லி ஊற்றினேன்.

அவள் பால் கொடுப்பதை நிறுத்தி நாலு வருடம் ஆகியிருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை.

வலி விஷயத்திலும் நான் சொன்னது தப்பு. மார்பில் வரும் புற்றுக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியோடு வருபவற்றில் நீர்க்கட்டி, பால் கட்டு, மாதவிலக்குக்கு முன் வரும் வீக்கம் என்று வேறு காரணங்களே அதிகம். வலியே பெண்களைச் சீக்கிரம் டாக்டரிடம் அனுப்பிவிடும். வலிக்காத கட்டிதான் வீட்டிலேயே தங்கிவிடும்.

அப்புறம் நாள் கடத்தல் ஆரம்பித்தது. மார்ச்சில் பெரியவளுக்கு ஆண்டுத் தேர்வு. ஏப்ரலில் சமயபுரம் தேர் முடியட்டும் என்றாள். மே மாதம் பிள்ளைகளோடு அம்மா வீடு. ஜூனில் பள்ளி திறந்து புத்தகம், அட்டை, ஷூ. நடுவில் மாமியார் வீட்டுப் பக்கம் யாரோ, “ஊசி குத்தி எடுத்தா பரவிடும்” என்று சொல்லிவைத்தார்கள். அதை அவள் என்னிடம் சொன்னபோது நான் மறுக்கவில்லை. பெரியவர்கள் சொல்வதில் ஏதோ இருக்கும் போல என்று தலையை ஆட்டினேன். ஊசி போட்டுச் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதுதான் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். கட்டி எந்த வகை, ஆபரேஷனா முதலில் கீமோவா என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பரவிடும் என்ற அந்த வீண் பயத்தில் பயாப்ஸியைத் தள்ளிப்போட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஜூன் கடைசியில்தான் ஸ்கேன் எடுத்தாள். புற்றுநோய், இரண்டாம் நிலை. அக்குளில் நெறியும் கட்டியிருந்தது. கீமோ, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று அடுத்த ஒரு வருடம் போனது. இப்போது நன்றாக இருக்கிறாள், தினமும் என்னோடு நடக்க வருகிறாள். அந்த நாலு மாதத்தில் என்ன மாறியது என்று எந்த டாக்டரும் எங்களிடம் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இதுவரை வரவில்லை. அவள் ஒரு முறைகூட என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இந்த எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கும்.

இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், பெரும்பாலும் அது உண்மையாகவே முடிந்துவிடும். மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. அதனால் சொன்னவருக்கு, “நான்தான் அப்பவே சொன்னேனே” என்ற பெருமை மிஞ்சுகிறது. அடுத்தவளுக்கும் அதையே சொல்கிறார். எப்போதோ ஒருத்தி விஷயத்தில் தப்பும்போது விலையை அவள் கொடுக்கிறாள்.

சரி, வேறு என்ன சொல்வது? “என்னன்னு எனக்குத் தெரியாது, ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடும், நான் கூட வரேன்” என்று சொல்லலாம். சொன்ன கையோடு மூன்று கேள்விகள் கேளுங்கள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? எந்தத் தேதிக்குப் பதிந்திருக்கிறது? அன்று பிள்ளைகளை யார் பார்ப்பது? மூன்றாவது கேள்வியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அம்மா ஸ்கேனைத் தள்ளிப்போடச் சொல்லும் காரணங்களில் பாதி அந்த மூன்றாவது கேள்விக்குள் இருக்கும். தேதி பதியவில்லை என்றால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போன் போடவையுங்கள். “நாளைக்குப் பண்றேன்” என்பதை நம்பாதீர்கள்.

கூடப் போகிறவர் தெரிந்துகொள்ள இரண்டு சில்லறை விஷயம். மேமோகிராம் (மார்பை எடுக்கும் எக்ஸ்ரே) என்றால் அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடர், டியோடரன்ட் போடக் கூடாது, படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். மேல் உடை தனியாகக் கழற்ற வருவதாக இருக்கட்டும். பயாப்ஸி துண்டை வெளி லேபுக்கு நம்மையே கொண்டுபோகச் சொன்னால், பாட்டிலில் பெயரும் எந்தப் பக்கம் என்பதும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டை நீங்கள் படித்துச் சொல்வது

ஐந்தாம் வீட்டுத் தோழிக்கு வந்த ரிப்போர்ட்டின் அடியில் ‘பைராட்ஸ் 4’ என்று இருந்தது. எங்களில் ஒருத்தி அதை நாலாம் நிலை என்று படித்துவிட்டாள். அன்று இரவு அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை.

பைராட்ஸ் என்பது நோயின் நிலை கிடையாது. படத்தைப் பார்த்தவருக்கு எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதற்கு 0 முதல் 6 வரை போடும் எண், அவ்வளவுதான். 0 என்றால் இன்னும் படம் வேண்டும். 3 என்றால் பெரும்பாலும் சாதாரணக் கட்டி, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். 4 என்றால் பயாப்ஸி எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று அர்த்தம். அந்த நாலுக்குள்ளேயே சந்தேகம் மிகக் குறைவானதும் உண்டு, மிக அதிகமானதும் உண்டு. அவளுக்குக் கடைசியில் வெறும் ஃபைப்ரோஅடினோமா, புற்றுநோய் இல்லாத சாதாரணக் கட்டி. ரிப்போர்ட்டைப் பிரிக்காமல் கொண்டுபோக முடியாது என்பது தெரியும், நானும் பிரிப்பேன். பிரித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம்.

‘ஏதாவது வேணும்னா சொல்லு’

சொல்ல மாட்டாள்.

“செவ்வாயும் வியாழனும் வேனில் ஏற்றி இறக்குவது நான்” என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

அவள் பிள்ளைக்கு உங்கள் வீட்டு சிரப்

தோழி கீமோவில் இருந்த ஒரு நாள் அவள் சின்னவன் என் வீட்டில் இருந்தான். சாயங்காலம் காய்ச்சல். போனில் கேட்டேன். “பாராசிட்டமால் அஞ்சு எம்எல் குடு” என்றாள். என் வீட்டு பாட்டிலைக் குலுக்கி ஊற்றிவிட்டேன். பக்கத்தில் நின்ற என் பெண்தான், “அம்மா, இதுல 250னு போட்டிருக்கு, தம்பி வீட்டுல 120” என்றாள்.

பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் 250 என்றும் வருகிறது. குழந்தைகளுக்கான சொட்டு மருந்து அதைவிடவும் கெட்டி, ஒரு மில்லியிலேயே 100. பெயரும் பெட்டியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அளவு குழந்தையின் எடையை வைத்துத்தான், ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் வரை. அதற்கப்புறம் எங்கள் ஐந்து வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒரு தாள் ஒட்டினோம்: ஏழு பிள்ளைகளின் எடை, எந்த பாட்டில், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த டாக்டர். எடையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருத்த வேண்டும். திருத்த மறந்த தாளும் ஆபத்துதான்.

அக்டோபர், நவம்பர் காய்ச்சல் என்றால் இன்னொன்று. காய்ச்சல் விட்டதும், “அப்பாடா, நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பலாம்” என்று தோழிக்கு யோசனை சொல்லாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், துவண்டு கிடப்பது, ஒன்றுக்குப் போவது குறைவது இவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் சீக்கிரம் இறங்கட்டும் என்று ஐபுப்ரோஃபென் கொடுக்கவே கூடாது, ரத்தக் கசிவு கூடும்.

பிள்ளைகள் காதுக்கு எட்டும்படி பேசுவது

நாங்கள் சமையலறையில் கிசுகிசுத்தோம், ஹாலில் கீமோவில் இருந்த தோழியின் மூத்தவள் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள். மறுநாள் வேனில் என் பெண்ணிடம், “எங்கம்மா முடி கொட்டினா செத்துடுவாங்களா?” என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு தோழியே உட்கார்ந்து பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதை முடிவு செய்தாள். அம்மாவுக்குக் கட்டி, அதற்கு மருந்து ஏற்றுகிறார்கள், மருந்தால் முடி கொட்டும், திரும்ப வளரும். நாங்கள் நாலு பேரும் அதை மாற்றாமல் அப்படியே சொன்னோம்.

வாட்ஸாப்

அவளைக் கேட்காமல் எந்தக் குரூப்பிலும் போடாதீர்கள். ‘பிரார்த்தனை பண்ணுங்க’ என்றுகூட.

சாப்பாடு

ஒரே நாளில் ஐந்து வீட்டுச் சாம்பார். முறை போட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல ரிசல்ட் வந்ததும் கலைந்துபோவது

புற்றுநோய் என்றால் எல்லோரும் கூட வருகிறோம். ‘ஒன்றுமில்லை’ என்று வந்த அன்று ஸ்வீட் சாப்பிட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். ஆறு மாதம் கழித்துப் பார்க்க வேண்டும் என்று அந்தத் தாளின் கடைசி வரியில் இருக்கும். ஆறு மாதம் கழித்து அது யார் ஞாபகத்திலும் இருக்காது, அவள் ஞாபகத்திலும்.

வாசலில் நின்ற அந்தப் பெண்ணை மறுநாளே நான் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். அவளுடைய மூன்று வயதுப் பையன் என் வீட்டுக்காரரோடு இருந்து அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை உடைத்தான். ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 3. மற்ற மூன்று பேரும், “நாங்கதான் அப்பவே சொன்னோமே” என்றார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து தினசரிக் காலண்டரில் ஆறு மாதம் தள்ளி ஒரு தாளை மடித்து அவள் பெயரை எழுதிவைத்தேன்.