பாதாமி, ஐஹோளே, பட்டதகல்: பஸ்ஸிலேயே சுற்றிவர

வாதாபி என்று நாம் பாடத்தில் படித்த சாளுக்கியத் தலைநகர்தான் இன்றைய பாதாமி, வட கர்நாடகத்தில் பாகல்கோட் மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பெங்களூர் அல்லது ஹூப்ளி வழியாகப் போவது சுலபம். பெங்களூரில் மாலையில் கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் பாதாமியில் இறங்கலாம். ஸ்டேஷன் ஊரிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ரயில் வரும் நேரத்தில்தான் ஆட்டோக்கள் நிற்கும் என்பதால் இறங்கியதும் பிடித்துவிடுங்கள். ஹூப்ளியிலிருந்து சாலை வழியே சுமார் 105 கிலோமீட்டர். நேரடி பஸ் இல்லையென்றால் விஜயபுரா பஸ்ஸில் ஏறி, குளகேரி கிராஸில் இறங்கி மாறுங்கள். பல பஸ்களில் பெயர்ப்பலகை கன்னடத்தில் மட்டும் இருக்கும். கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு ஏறுவது நல்லது.

ஊருக்குள் வண்டியே தேவையில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து குகைக் கோயில்கள் நடை தூரம்தான். நுழைவுக் கட்டணம் 25 ரூபாய், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். முதல் குகையில் பதினெட்டுக் கை நடராசர், மூன்றாவதில் 578ஆம் ஆண்டு சாளுக்கிய இளவரசன் மங்களேசன் வெட்டுவித்த கல்வெட்டு. நேரம் குறைவாக இருந்தால் மூன்றாவதில்தான் அதிகம் செலவழிக்க வேண்டும். தூண்களின் மேல்பக்கத் தாங்கிகளில் உள்ள ஜோடிச் சிற்பங்களை அண்ணாந்து பார்க்காமல் வந்துவிடுகிறவர்கள் அதிகம். கையில் பிஸ்கட், பிளாஸ்டிக் பை எதுவும் தெரியக் கூடாது. குரங்குகள் பறித்துவிடும்.

அகஸ்திய தீர்த்தம் என்ற குளத்தின் கிழக்குக் கரையில் பூதநாதர் கோயில் இருக்கிறது. மாலை வெயில் நேரே அதன்மேல் விழுவதால் அங்கே கடைசியில் போங்கள். வாதாபி கணபதியை இங்கே தேட வேண்டாம். பல்லவத் தளபதி பரஞ்சோதி கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பிள்ளையார் நம் திருச்செங்காட்டங்குடியில் இருக்கிறார். 642இல் ஊரைப் பிடித்த பல்லவ மன்னன் நரசிம்மவர்மனின் கல்வெட்டு மட்டும் இங்கே பாறையில் இருக்கிறது.

மறுநாள் வெளியூர்க் கோயில்கள். பட்டதகல் 22 கிலோமீட்டர், ஐஹோளே சுமார் 35. பக்கத்தில் இருக்கிறதே என்று பலரும் முதலில் பட்டதகல்லில் இறங்குவார்கள். அங்கே மதியம் ஆகிவிடும், ஐஹோளேயை அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் திரும்ப பஸ் இல்லாமல் நிற்க வேண்டிவரும். ஐஹோளேயிலிருந்து பாதாமிக்குப் பஸ் குறைவு, மாலைக்கு முன்பே நின்றுவிடும். பட்டதகல்லிலிருந்து அதிகம். ஆகவே விடிந்ததும் ஐஹோளே பஸ், மதியத்துக்குள் அங்கிருந்து பட்டதகல், கடைசியில் பாதாமி. ஐஹோளேயில் இறங்கியதும் கடைசி பஸ் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு பேர் என்றால் பாதாமியிலேயே ஆட்டோவையோ காரையோ நாள் முழுவதற்கும் பேசிக்கொள்ளலாம். மூன்று ஊர்ப் பெயரையும் காத்திருப்பையும் சொல்லி மொத்தமாக விலை பேசுங்கள்.

இந்த வரிசைக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஐஹோளே சாளுக்கியர்கள் பலவிதமாகக் கட்டிப் பார்த்த இடம், பின்பக்கம் அரைவட்டமான துர்கா கோயிலைப் பார்த்தாலே தெரியும். மேகுடி மலைமேல் இரண்டாம் புலிகேசியின் அவைக்கவி ரவிகீர்த்தி எழுதிய 634ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள். பட்டதகல்லில் அந்தக் கை தேர்ந்திருக்கும். விருபாட்சர் கோயிலில் நிற்கும்போது காஞ்சிக் கைலாசநாதர் ஞாபகம் வரும். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றதற்காக அரசி லோகமகாதேவி கட்டுவித்ததுதான் இந்த விருபாட்சர் கோயில். பட்டதகல்லுக்கு நுழைவுக் கட்டணம் 40 ரூபாய்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை போகலாம். ஏப்ரல், மே மாதங்களில் செம்மணற்கல் தகிக்கும். தொல்லியல் துறை அருங்காட்சியகங்கள் வெள்ளிக்கிழமை விடுமுறை. பெரும்பாலும் ஜனவரியில் வரும் பௌர்ணமியை ஒட்டி பக்கத்துப் பனசங்கரி கோயிலில் பெரிய திருவிழா நடக்கும். அப்போது அறையே கிடைக்காது. மற்ற நாட்களில் அந்தக் கோயிலருகே பெண்கள் கூடையில் கொண்டுவந்து விற்கும் சோள ரொட்டியும் தயிரும்தான் இந்தப் பக்கத்து நல்ல மதியச் சாப்பாடு. சில்லறை கொண்டுபோங்கள்.