கல்லூரியில் ஸ்ட்ரெங்த் கோச் ஆக வேண்டுமா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் கோச், அதாவது விளையாட்டு வீரர்களின் உடல் வலுவைக் கூட்டும் பயிற்சியாளர் என்று சொன்னால், கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரத்தில் "ஜிம் மாஸ்டரா?" என்றுதான் கேட்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம் பக்கத்துக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் இப்படி ஒரு பணியிடமே கிடையாது. உடற்கல்வி இயக்குநர், அதாவது பி.டி. சார்தான் எல்லாம். அதனால் அவர் அறை வழியாகத்தான் உள்ளே போக முடியும்.

படிப்பு பி.பி.எட்., எம்.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டங்கள். நிரந்தர வேலை என்றால் நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, கூடவே ஓட்டச் சோதனை: 30 வயது வரை ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டர். மற்றவர்களை ஓடவிடுகிறவன் தானும் ஓட வேண்டும், நியாயம்தானே. ஸ்ட்ரெங்த் கோச்சுகளுக்கான அமெரிக்கச் சான்றிதழ் சி.எஸ்.சி.எஸ்.; அந்தத் தேர்வுக்குக் கட்டணம் டாலரில். கையில் காசு சேர்ந்த பிறகு எழுதலாம்.

சரி, வேலைக்கு வருவோம். எடை தூக்க வைப்பதற்கு முன்னால் பையனிடம் ஒன்று கேளுங்கள்: "காலையில என்ன வேலை பாத்தே?" நான் கேட்காமல் விட்ட கதை உண்டு. பேச்சிப்பாறைப் பக்கத்துக் கபடிப் பையன் ஒருவனுக்கு 80 கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் கொடுத்தேன். மூன்றாவது செட்டில் முகம் வெளிறி உட்கார்ந்துவிட்டான். விசாரித்தால், விடியக்காலம் மூன்று மணிக்கே அப்பாவோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போய் 300 மரத்தில் பால் வெட்டிவிட்டு, வெறும் கட்டன்சாயா குடித்துவிட்டு வந்திருக்கிறான்.

"சொல்லப்படாதா மக்ளே?"

"நீங்க கேக்கல்லியே சார்."

அன்றைக்குத்தான் நோட்டு வாங்கினேன். திங்கட்கிழமைதோறும் சாக்பீஸ் பொடியை விரலில் தடவி, நின்றபடி சுவரில் ஒரு தொடு, குதித்து ஒரு தொடு. இரண்டுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதிக்கொள்வேன். வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்திருந்தால் உடம்பு களைத்திருக்கிறது என்று அன்றைக்கு எடையைப் பாதியாக்கிவிடுவேன். பெண்கள் வாலிபால் அணி என்றால் குதிப்பதைவிட இறங்குவதைப் பாருங்கள். கால்முட்டு உள்பக்கமாக மடங்குகிறதா? அப்படியானால் பார்பெல் வேண்டாம். ஒரு படி உயரத்திலிருந்து சத்தமில்லாமல் இறங்கப் பழக்குங்கள், வாரக்கணக்கில். சலிக்கும்தான்.

அதிகபட்ச எடையைத் தூக்க வைத்துச் சோதிக்கும் ஆசை வரும். அது வேண்டாம். 60 கிலோவை ஒருவன் 5 முறை ஒழுங்காகத் தூக்கினால், 60-ஐ 5-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்து, வரும் 10-ஐ 60-உடன் கூட்டுங்கள். 70 கிலோ, ஏறக்குறைய அதுதான் அவன் உச்சம். 1969-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்த பாய்ட் எப்லியின் கணக்கு இது. அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த வேலை ஒரு தொழிலாக மாறியது அவரிலிருந்துதான்.

புரோட்டீன் டப்பாவுக்குப் பணம் கேட்டு வீட்டில் சண்டை போடும் பையன்களிடம், மரச்சீனிக் கிழங்கோடு சாளை மீனைக் கூடுதலாக வை என்பேன். பயறு கஞ்சியும் நல்லது.

சம்பளமா? மதிப்பூதியம்தான். ஒரு கல்லூரியில் மூன்று மாதம் இழுத்தடித்துத் தந்தார்கள். அப்புறம் காலையில் மார்த்தாண்டத்தில் ஒரு ஜிம், மாலையில் கல்லூரி என்று பிரித்துக்கொண்டேன். இங்கே ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. மைதானம் சேறாகக் கிடக்கும் நாளில் பி.டி. சாரிடம் போய், "வராந்தாவில் நான் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் முடியாது என்று சொன்ன பி.டி. சாரை நான் இதுவரை பார்த்ததில்லை.