பாட்டி சொல்ல, பேத்தி வரைய: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில், பெரியவர்கள் சொல்லும் கதைகளைப் பள்ளிப் பிள்ளைகள் படமாக வரையும் வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். பெரியவர்களில் பலர், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் யாருக்கு இந்தியக் குடியுரிமை, யாருக்கு இலங்கைக் குடியுரிமை என்று பிரித்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தமிழக அரசு தொடங்கிய தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள்.

"பாட்டி, கதை சொல்லுங்க" என்று ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. "என்னத்தச் சொல்ல, புள்ள" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அதைவிட, "நீங்க இருந்த லயத்தை வரையணும், கதவு எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி லயத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் வரைந்திருந்தாள். பாட்டி எட்டிப் பார்த்தார். "கொழாயா? பீலி புள்ள, பீலி!" மலையிலிருந்து இறங்கும் ஓடையை மறித்து, தண்ணீர் கொட்டும்படி விட்ட இடம் பீலி. அதை எப்படி வரைவது என்று காட்டிக்கொண்டே பாட்டி பீலிக்கரைச் சண்டைகளைச் சொன்னார். அப்புறம் அங்கே கடைசியாகக் குளித்த காலை, தலைமன்னாரில் கப்பல் ஏறியது, இந்தியக் கரையில் வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம். நாங்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் வராத கதை அந்தத் தப்பான குழாயால் வந்தது.

அதனால் படத்தை அழகாக முடித்துவிட்டுப் பெரியவரிடம் காட்டாதீர்கள். முடிந்த படத்தை யாரும் திருத்த மாட்டார்கள், "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். பென்சிலில் வரையட்டும், ரப்பர் பாட்டி கையில் இருக்கட்டும்.

உட்கார்ந்ததும் செல்போனை நீட்டிப் பதிவு செய்வதும் வேண்டாம். பேச்சு சூடுபிடித்த பிறகு, கேட்டுவிட்டு எடுங்கள்.

ஒரு தவறு நானே செய்தது. குடியுரிமைக் காகிதம் பல குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு தாத்தாவிடம், அங்கேயே தங்கிவிட்ட அவருடைய அக்காவைப் பற்றிப் பிள்ளைகள் முன்னால் கேட்டுவிட்டேன். எழுந்து போனவர் இரண்டு வாரம் வரவில்லை. அவராகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இன்னொன்று, படத்தின் ஓரத்துக்கு நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்தையலையோ குறும்பர்களின் ஓவியத்தையோ பார்த்துப் போடச் சொல்வது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையலில், துணியின் இழைகளை எண்ணியே ஊசி ஏறுகிறது. அதைத் தைக்கும் தோடர் பெண்களிடம் அனுமதி கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியதை ஓர அலங்காரமாக்காதீர்கள். தேயிலைக்காரப் பாட்டியின் படத்துக்கு அவருடைய கொழுந்துக்கூடையும், காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களமும் போதும்.

மூலப் படத்தைக் கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். கண்காட்சிக்கு நகல் போகட்டும், மூலம் பாட்டி வீட்டுச் சுவரில் இருக்கட்டும். அடுத்த வாரம் போகும்போது இன்னும் இரண்டு இடத்தைத் திருத்தச் சொல்வார்.